கை எட்டாத இடத்துக்கு ஒரு கம்பு

மார்கழிக் கடைசியில் மம்சாபுரம் பக்கம் போனால் திண்ணைக்குத் திண்ணை ஒட்டடைக் கம்பு சாத்தியிருக்கும். ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் ராஜபாளையத்துக்கும் பக்கத்தில், மலையடிவாரத்தில் இருக்கிற பேரூராட்சி. ஆடிக் காற்று கொண்டுவந்து போட்ட தூசியெல்லாம் பரண் மேலும் ஜன்னல் இடுக்கிலும் படிந்துகிடக்கும். போகிக்குள் அதையெல்லாம் இறக்கியாக வேண்டும்.

முன்பெல்லாம் மூங்கில் கம்பு நுனியில் ஈர்க்குமாறைக் கட்டினால் அதுதான் ஒட்டடைக் கம்பு. இப்போது இழுத்தால் நீளுகிற அலுமினியக் கம்பு வந்துவிட்டது. ஃபேன் இறக்கைக்குப் பழைய தலையணை உறையை மாட்டி உருவினால் தூசி கண்ணில் விழாமல் உறைக்குள்ளேயே விழும். ஜன்னல் தடத்துக்குப் பழைய டூத் பிரஷ், அடுப்பு பர்னர் ஓட்டைக்கு ஊக்கு. குறுகிய வாய் பாட்டிலா? ஒரு பிடி அரிசியும் கொஞ்சம் தண்ணீரும் போட்டுக் குலுக்கினால் போதும். ராஜபாளையத்து நூற்பாலைகளில் வேலை பார்ப்பவர்களுக்கு இன்னொன்றும் தெரியும். மெஷின்களுக்கு மேலே தண்டவாளத்தில் ஓடிக்கொண்டே, தும்பிக்கை மாதிரித் தொங்கும் குழாய்களால் பறக்கிற பஞ்சை உறிஞ்சும் ஒரு கிளீனர். ஓடுகிற மெஷினுக்குள் கை போகக்கூடாது, அதனால் அதற்கும் ஒரு கருவி செய்துவிட்டார்கள்.

ஆனால் வீட்டில் ஓர் இடத்துக்கு மட்டும் ரொம்ப காலமாக மனிதனையே கம்பு மாதிரி உள்ளே விட்டார்கள். செப்டிக் டேங்க்.

இந்த மாதிரி ஊர்களில் பெரும்பாலான வீடுகளுக்கு அதுதான் கதி. தொட்டியில் திடக்கழிவு அடியில் படியும், எண்ணெய்ப் பசை மேலே மிதக்கும், நடுவில் உள்ள நீர் வெளியே போகும். காற்றில்லாத இடத்தில் கழிவு மக்குவதால் மீத்தேனும் ஹைட்ரஜன் சல்பைடும் உண்டாகும். இந்த இரண்டாவது வாயு மோசமானது. முதலில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அளவு கூடினால் மூக்கே மரத்துப்போகும். 'நாத்தம் போயிருச்சு, இறங்கலாம்' என்று தோன்றுகிற நேரம்தான் ஆள் விழுகிற நேரம். கிணற்றுக்குச் செய்வது போல விளக்கை இறக்கிப் பார்க்கலாம் என்று சிலர் நினைப்பார்கள். மீத்தேன் தீப்பற்றும், அதைச் செய்யவே கூடாது. ஒருவர் மயங்கியதும் காப்பாற்ற இன்னொருவர் குதிப்பார், அவரைத் தூக்க மூன்றாமவர். செய்தித்தாளில் இரண்டு மூன்று பேர் சேர்ந்தே இறந்ததாக வருவது இப்படித்தான்.

இறங்குகிறவர் எந்தத் தெருவிலிருந்து வருவார் என்று எல்லா ஊருக்கும் தெரியும். 'வழக்கமா செய்யிறவருதானே' என்பார்கள். அவருக்கு வேறு வழக்கம் உண்டாக ஊர் விட்டதா என்பதை யாரும் கேட்பதில்லை.

சட்டம் இல்லாமல் இல்லை. 1993-இல் ஒன்று வந்தது, 2013-இல் அதைவிடக் கடுமையாக இன்னொன்று. பாதுகாப்புக் கவசம் எதுவும் இல்லாமல் சாக்கடையிலோ செப்டிக் டேங்கிலோ ஆளை இறக்கினால் முதல் முறைக்கே 2 வருடம் வரை சிறை அல்லது 2 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். நகராட்சிக்கும் கான்ட்ராக்டருக்கும் மட்டும்தான் இது என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். வீட்டுக்காரருக்கும் சேர்த்துத்தான்! சாக்கடையில் இறந்தவர் குடும்பத்துக்கு உச்ச நீதிமன்றம் 2014-இல் 10 லட்சம் இழப்பீடு என்றது, 2023 அக்டோபரில் அதை 30 லட்சம் ஆக்கியது.

லாரிதான் வந்துவிட்டதே, அப்புறம் ஏன் ஆள் இறங்குகிறார்? பாதிக் காரணம் வீட்டுக்காரரின் சோம்பேறித்தனம். இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை எடுத்தால் கழிவு கூழாக இருக்கும், ஹோஸே உறிஞ்சிவிடும். பதினைந்து வருடம் விட்டுவிட்டு, கக்கூஸில் தண்ணீர் எதிர்த்து வரும்போது கூப்பிட்டால் அடியில் களிமண் மாதிரி இறுகியிருக்கும். லாரிக்காரர் மேல்தண்ணீரை மட்டும் எடுத்துவிட்டு உதட்டைப் பிதுக்குவார். அப்போதுதான் 'ஆளை இறக்கிரலாமா' என்ற பேச்சு வரும். அந்த நேரத்திலும் வழி உண்டு. மூடிகளைத் திறந்து காற்றாட விட்டு, தண்ணீரைப் பீய்ச்சி, வெளியே நின்றபடியே நீளக் கம்பால் கலக்கிவிட்டு மறுபடி உறிஞ்சலாம். நேரம் ஆகும், இன்னொரு நடைக்குக் காசு ஆகும். ஓர் உயிரைப் பணயம் வைத்து மிச்சம் பிடிப்பது அந்த ஒரு நடைக் காசைத்தான்.

இந்தக் கலக்குகிற வேலைக்கென்றே சென்னை ஐஐடியில் 'ஹோமோசெப்' என்று ஒரு இயந்திரம் செய்தார்கள். தொட்டியின் சின்ன வாய் வழியாக மடங்கி இறங்கி, உள்ளே போனதும் தலைகீழ்க் குடை மாதிரி விரிந்து சுழன்று இறுகியதைக் கரைக்கும். கரைந்ததைக் குழாய் உறிஞ்சிக்கொள்ளும். 2022-இல் முதல் இயந்திரங்கள் சுய உதவிக் குழுக்களுக்குப் போயின. அவற்றை முன்னின்று நடத்தியவர்கள், இதே வேலையில் கணவனைப் பறிகொடுத்த பெண்கள்.

ஊர் ஊருக்கு அந்த இயந்திரம் எப்போது வருமோ. வந்தாலும் மூடி எங்கே என்று தெரிய வேண்டுமே! புது வீடுகளில் போர்ட்டிகோ அழகு கெட்டுவிடும் என்று மூடிக்கு மேல் டைல்ஸ் ஒட்டிவிடுகிறார்கள். பத்து வருடம் கழித்துச் சுத்தியலோடு தட்டித் தட்டித் தேடுகிறார்கள். டைல்ஸ் ஒட்டுகிற அன்றைக்கே, அந்த இரண்டு சதுரத்தை மட்டும் கழற்றி எடுக்கிற மாதிரி வைக்கச் சொன்னால் கொத்தனார் வைத்துத் தருவார்.