வார்த்தைக்கு வழிவிடும் மேளம்

செகந்திராபாத் மாரெட்பள்ளியில் வாழும் தமிழர்களில் பலருக்குத் தமிழ், கண்ணால் படிக்கும் மொழி அல்ல. காதால் கேட்கும் மொழி. 1806-ல் சிக்கந்தர் ஜா பெயரால் உருவான இந்த ராணுவக் குடியிருப்புக்கு மதராஸ் படையோடு வந்தவர்கள் உண்டு. பிறகு ரயில்வே வேலைக்கும் வங்கி வேலைக்கும் வந்து தங்கியவர்கள் உண்டு. அவர்களுடைய பேரன் பேத்திகள் பள்ளியில் தெலுங்கும் இந்தியும் ஆங்கிலமும் படிக்கிறார்கள். தமிழ்ப் பத்திரிகையைக் கையில் கொடுத்தால் படம் மட்டும் பார்ப்பார்கள். ஆனால் பத்மாராவ் நகர் ஸ்கந்தகிரி கோயிலில் காவடிச் சிந்து பாடினால் கூடவே பாடுவார்கள். எழுத்து கைவிட்ட இடத்தில் பாட்டு கைகொடுத்திருக்கிறது. எனவே பாட்டில் வார்த்தை கேட்காமல் போவது இங்கே வெறும் ரசனைப் பிரச்னை அல்ல.

அந்தப் பிரச்னை மேற்கு மாரெட்பள்ளியில் ஓர் அடுக்குமாடி வீட்டின் பின்னறையில் ஒரு மாதத்துக்கும் மேலாக நடந்தது. பகலில் மாதாப்பூரில் சாஃப்ட்வேர் வேலை பார்க்கும் இளைஞர் ஒருவர், இரவில் கம்ப்யூட்டரில் இசை அமைக்கிறார். கையில் இருந்தது அவருடைய பாட்டி பாடிய ஒரே ஒரு பதிவு. பூஜை அறையில், நான்கு ஆண்டுகளுக்கு முன்பு, செல்போனில் எடுத்தது. அண்ணாமலை ரெட்டியாரின் காவடிச் சிந்து. இப்போது பாட்டிக்கு எண்பத்திரண்டு வயது. ஒரு நோய்க்குப் பிறகு இரண்டு வரி தொடர்ந்து பாட மூச்சு இடம் தருவதில்லை. இன்னொரு முறை பாடச் சொல்லிப் பதிவு செய்ய வழியில்லை.

வீட்டுக் குழந்தைகள் விரும்பிக் கேட்க வேண்டும் என்று அந்தக் குரலுக்குக் கீழே தவிலும், எலெக்ட்ரானிக் டிரம்மும், பேஸ் கிட்டாரும் சேர்த்தார் பேரன். துள்ளலாகத்தான் இருந்தது. கேட்டுவிட்டு ஒன்பது வயது அக்கா மகன் கேட்டான்: "மாமா, கொள்ளுப்பாட்டி தெலுங்குல பாடுறாங்களா?"

குரலைக் கூட்டினால் போதாதா என்று தோன்றும். போதாது. குரலைக் கூட்டினால் பூஜை அறையின் மின்விசிறிச் சத்தமும் அதே அளவு கூடும். இரைச்சலை நீக்கும் மென்பொருளை அழுத்திப் பிடித்தால் விசிறியோடு சேர்த்து மெல்லிய மெய்யெழுத்துகளையும் துடைத்துவிடும். மேளத்தை மொத்தமாகக் குறைத்தால் பாட்டு தூங்கிவிடும். மிஞ்சியது ஒரே வழி. பாட்டி பாடும்போது மட்டும் மேளம் தானாகத் தணிய வேண்டும்.

இதற்கான ஏற்பாட்டுக்கு ஒலிப்பதிவுக் கூடங்களில் சைட்செயின் கம்ப்ரஷன் என்று பெயர். கம்ப்ரஸர் என்பது ஒலி ஓர் எல்லையைத் தாண்டினால் அதைத் தணிக்கும் கருவி. சாதாரணமாக அது தனக்குள் வரும் ஒலியையே கவனித்து அதையே தணிக்கும். சைட்செயின் முறையில் கவனிப்பது ஒன்றை, தணிப்பது மற்றொன்றை. குரலைக் காவலுக்கு வைத்து மேளத்தை அடக்குகிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

கணக்கு எளிது. த்ரெஷோல்ட் எனப்படும் எல்லை மைனஸ் 30 டெசிபல், ரேஷியோ 4-க்கு 1 என்று வைத்துக்கொள்வோம். குரல் மைனஸ் 18-க்கு உயர்ந்தால் எல்லையை 12 டெசிபல் தாண்டுகிறது. அதில் கால் பங்கான 3 மட்டுமே அனுமதி. மீதி 9 டெசிபல் தணிப்பு. அந்தத் தணிப்பு குரலுக்குப் போகாமல் மேளத்தின் மீது விழுகிறது. 9 டெசிபல் குறைந்தால் காதுக்குச் சத்தம் ஏறக்குறையப் பாதியானது போல் இருக்கும்.

உத்தி புதியதல்ல. வானொலி அறிவிப்பாளர் பேசத் தொடங்கியதும் பின்னணி இசை தாழ்வதை எல்லோரும் கேட்டிருக்கிறோம். முதலில் அது கையால் நடந்தது, பிறகு கருவியால். இன்று காரில் பாட்டு ஓடும்போது வழிகாட்டும் குரல் வந்ததும் பாட்டு அடங்குவதும் இதே வேலைதான். நடன இசைக்காரர்கள் இதை வேறு பக்கம் திருப்பினார்கள். பெரிய டிரம்மின் அடியும் பேஸ் ஒலியும் 50, 60, 80 ஹெர்ட்ஸ் என்று ஒரே இடத்துக்கு அடித்துக்கொள்பவை. டிரம் அடிக்கும் கணத்தில் பேஸ் ஒதுங்கினால் இரண்டும் தெளியும். ஒதுங்குவதை மறைக்காமல் பகிரங்கமாக்கியபோது, மொத்த இசையுமே மூச்சு வாங்குவது போல் ஏறி இறங்கும் அந்தப் பாணி பிறந்தது. டஃப்ட் பங்கின் 'ஒன் மோர் டைம்' (2000), எரிக் பிரிட்ஸின் 'கால் ஆன் மீ' (2004) ஆகியவை அதை உலகம் முழுக்கக் கொண்டுபோயின. வார்த்தைக்கு வழிவிடப் பிறந்த கருவி டிரம்முக்குச் சேவகம் செய்யத் தொடங்கியது.

மாரெட்பள்ளி இளைஞர் கற்றுக்கொண்டதும் அந்தப் பாணியைத்தான். அதே அளவுகளைப் பாட்டியின் குரலுக்கு வைத்தபோது கோளாறுகள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன.

முதலாவது, அட்டாக். எல்லை தாண்டிய பிறகு எவ்வளவு வேகமாகத் தணிப்பது என்பது இது. 50 மில்லி செகண்ட் வைத்தார். நடன இசைக்குப் பழுதில்லை. ஆனால் ஒரு தகரமோ பகரமோ வெடித்து முடிய அதைவிடக் குறைந்த நேரமே போதும். மேளம் ஒதுங்குவதற்குள் சொல்லின் முதல் எழுத்து போய்விட்டது. தமிழ்ப் பாட்டில் முதல் எழுத்து போனால் மோனை போகிறது. சற்று நீண்டு தடுமாறினால் இரண்டாம் எழுத்தும், அதனுடன் எதுகையும் போகிறது. சந்தத்துக்காகவே எழுதப்பட்ட காவடிச் சிந்தில் பிறகு என்ன மிஞ்சும்? அட்டாக்கை 2 மில்லி செகண்டுக்குக் கொண்டுவந்தார். வரப்போகும் ஒலியை ஒரு நொடித்துளி முன்னதாகவே பார்த்துவிடும் 'லுக்அஹெட்' வசதியையும் போட்டார். முதல் எழுத்துகள் திரும்பி வந்தன.

இரண்டாவது, ரிலீஸ். குரல் நின்றதும் மேளம் எத்தனை நேரத்தில் பழைய நிலைக்குத் திரும்புவது என்பது. நிமிடத்துக்கு 120 அடி ஓடும் பாட்டில் ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் இடைவெளி 500 மில்லி செகண்ட். அதற்குள் திரும்பிவிட வேண்டும் என்பது நடன இசைக் கணக்கு. அப்படி வைத்தபோது பாட்டி மூச்சு வாங்கும் ஒவ்வோர் இடத்திலும் மேளம் பாய்ந்து வந்தது. எப்போது நிறுத்துவாள் என்று காத்திருந்தது போல இருந்தது. வயதானவர் பாட்டில் மூச்சு வாங்கும் இடங்களும் பாட்டுதான். ரிலீஸை ஒரு செகண்டுக்கு நீட்டினார். வரி முழுவதும் முடிந்த பிறகே மேளம் மெல்ல எழுந்தது.

மூன்றாவதுதான் நுட்பமானது. மேளம் முழுவதும் தணிய வேண்டுமா? ல, ள, ழ மூன்றையும் காது பிரித்தறிய உதவும் அதிர்வுகள் பெரும்பாலும் 1,000 முதல் 3,000 ஹெர்ட்ஸ் வரை இருக்கின்றன. தவிலின் வலந்தலை நாதமும் அங்கே வந்துதான் மோதுகிறது. தொப்பியின் கனத்த ஒலி கீழே இருக்கிறது. அதற்கும் ழகரத்துக்கும் சண்டை இல்லை. எனவே டைனமிக் ஈக்வலைசர் என்ற கருவியில் சைட்செயினை இணைத்து, அந்தப் பகுதியை மட்டும், அதுவும் 4 டெசிபல் அளவுக்கே தணித்தார். தாளம் குறையவில்லை. சொல் வெளியே வந்தது.

இத்தனைக்கும் கச்சேரி மேடையில் இது பழைய பாடம். நல்ல மிருதங்கக்காரர் பாடகரின் உதட்டைப் பார்த்து வாசிப்பார். சாகித்யம் நெருக்கமாக ஓடும் இடத்தில் விரல் மெலியும். வரி முடிந்து இடம் கிடைத்தால் நிரப்பும். விருத்தம் பாடும்போது மிருதங்கம் கை கட்டிக்கொள்ளும். தனி ஆவர்த்தனம் வந்தால் குரல் ஒதுங்கும். பாலக்காடு மணி அய்யர் (1912-81) ஒலிபெருக்கியே வேண்டாம் என்று வாதிட்டவர். வாத்தியத்தின் அளவைக் கை தீர்மானிக்க வேண்டும், கருவி அல்ல என்ற பிடிவாதம் அதில் இருந்தது. திரைப்பட ஒலிப்பதிவில் ஒரே மைக் இருந்த நாட்களில் பாடகரை அருகேயும் மேளத்தைத் தள்ளியும் நிறுத்தி வார்த்தையைக் காப்பாற்றினார்கள். ஒவ்வொரு வாத்தியத்துக்கும் தனி டிராக் வந்த பிறகு வாசிப்பவர்கள் ஒருவரையொருவர் பார்ப்பதே அரிதாகிவிட்டது. எங்கோ தனியாக வாசித்த தவிலுக்கு எந்த உதட்டைப் பார்த்து அடங்குவது என்று தெரியாது. அந்தக் கண் செய்த வேலையைத்தான் பின்னறையில் மென்பொருளிடம் சொல்லிக் கொடுக்க வேண்டியிருந்தது.

முடிந்த பாட்டைக் கேட்ட சிறுவன் மூன்றாம் முறையில் கூடவே பாடினான். பாட்டி கேட்டுவிட்டுச் சொன்னது வேறு: "தவுலு நல்லா இருக்குடா. யாரு வாசிச்சது?"

அதைவிடப் பெரிய சான்றிதழ் இந்தக் கருவிக்கு இல்லை. ஒதுங்கிய வாத்தியம் ஒதுங்கியதாகத் தெரியக் கூடாது. ஆனால் கருவிக்கு மரியாதை தெரியாது. எதைக் காவலுக்கு வைத்தாலும் அதற்காக மற்றதை அடக்கும். டிரம்மைக் காட்டினால் குரலையே அமுக்கிவிடும். கல்யாண மண்டபங்களிலும் திருவிழா ஒலிபெருக்கிகளிலும் இன்று ஓடும் பக்திப் பாட்டுகள் பலவற்றில் அடி மட்டுமே கேட்கிறது. எந்தத் தெய்வம், எந்த ஊர் என்று விளங்குவதில்லை. தமிழ்நாட்டில் இருப்பவர் புத்தகத்தைப் புரட்டி வரியைத் தெரிந்துகொள்ளலாம். மாரெட்பள்ளியில் வளரும் குழந்தைக்கு அந்த வசதி இல்லை. கேட்டதுதான் அதற்குத் தமிழ்.