லியோனிலிருந்து பேரன்

பேரன் லியோனில் முதுகலை படிக்கிறான். குளிர்காலத்தில் நமக்கும் அவனுக்கும் நாலரை மணி நேர வித்தியாசம். நான் இரவுக் கஞ்சியில் கை வைக்கும்போதுதான் வகுப்பு முடிந்து கூப்பிடுவான்.

ரோன் நதியும் சோன் நதியும் லியோனில் கூடுகின்றன என்று புதுச்சேரியில் பிரெஞ்சில் மனப்பாடம் செய்தவன் நான். பார்த்ததில்லை. அவன் தினமும் ட்ராமில் ரோனைக் கடக்கிறான், "பார்க்க நேரம் எங்க தாத்தா?" என்கிறான்.

வெளிநாட்டு மாணவர்கள் அங்கே ஆண்டுக்கு 964 மணி நேரம்தான் சம்பள வேலை பார்க்கலாம். அதில் சேர்த்த காசு டிசம்பரில் ஊருக்கு வரப் போதும், இல்லையென்றால் நண்பர்களோடு இத்தாலி சுற்றப் போதும். இரண்டுக்கும் ஆகாது.

"இத்தாலியைப் பார்த்துட்டு வாடா" என்றேன்.

அவன் பாட்டிக்குக் கண் மங்கிக்கொண்டே வருகிறது. அவனிடம் சொல்லக்கூடாது என்று எனக்குக் கட்டளை.

நேற்றுக் கேட்டான்: "வீடியோவில பாட்டி மூக்கு மட்டும்தான் தெரியுது, ஏன் இவ்வளவு கிட்ட வர்றாங்க?"

இன்னும் எந்த டிக்கெட்டும் எடுக்கவில்லையாம்.