கண்ணாடிக்குள் தேரை

கல்லுக்குள் இருக்கும் தேரைக்கும் இறைவன் படியளப்பான் என்பர் நம்மவர். கண்ணாடிக்குள் இருக்கும் தேரைக்குப் படியளந்தவர் யார்? அதனையே ஈண்டுப் பேச விழைகிறோம்.

ஆபிரிக்க நாணற்றவளைகளைக் கண்ணாடித் தொட்டிகளில் வளர்த்து இனம்பெருக்குதல் மேலைநாடுகளிற் பலருக்குப் பொழுதுபோக்கு. அதிற் குறைகாண நாம் முற்படவில்லை. ஆனால் அதே ஆபிரிக்காவில், ஓரினம் முழுவதுமே கண்ணாடிக்குள் ஒடுங்க நேர்ந்த கதை வேறு.

தன்சானியாவின் உட்சுங்குவா மலையில், கிகான்சி ஆறு அருவியாய் வீழும் பள்ளத்தாக்கில், 1996 இல் ஒரு தேரை கண்டறியப்பட்டது. மூன்று சென்ரிமீற்றர் நீளமும் எய்தாத மஞ்சள் நிறத் தேரை. முட்டையிடாமல் குட்டியீனும் இயல்பினது. அருவித் துமி ஓயாது நனைக்கும் ஏறத்தாழ 2 ஹெக்டேயர் நிலமே அதன் உலகம்; வேறெங்கும் அது இல்லை. அதைக் கண்டபோதோ, மேலே 180 மெகாவாற்று நீர்மின் நிலையத்துக்கான அணைவேலை ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தது. உலக வங்கியும் ஐரோப்பிய அரசுகள் சிலவும் அதற்குப் பணம் தந்தன. 2000 ஆம் ஆண்டளவில் ஆற்றுநீரில் ஏறத்தாழ நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு குழாய்களுக்குட் போயிற்று. துமி நின்றது.

நாம் இதனைச் சொன்னபோது வகுப்பில் ஒரு மாணவர் எழுந்து, "ஐயா, இருளிற் கிடக்கும் கிராமங்களைவிட விரல்நுனித் தேரை பெரிதோ?" என்றார். நல்ல வினா. பெரும்பாலான மக்கள் மின்னொளியே காணாதிருந்த நாடு அது. ஆயினும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தப்பட வேண்டியது தேரையா? பள்ளத்தாக்கை முற்றாக ஆராயுமுன்னரே கடன் பத்திரத்தில் ஒப்பமிட்டோரை அவ்வினா தொடுவதேயில்லை. ஏழையையும் தேரையையும் எதிரெதிரே நிறுத்திவிட்டுத் தாம் விலகி நிற்பது அவர்களுக்கு வசதியாயிருக்கிறது.

2000 டிசம்பரில் 499 தேரைகள் நியூயோர்க்கின் புரொங்ஸ் விலங்கியற் பூங்காவுக்கு விமானத்திற் சென்றன. ஆற்றைப் பிரதிசெய்வது எளிதன்று. வடித்தெடுத்த நீர், குறித்த நேரத்துக்கு ஒருமுறை துமி சொரியும் குழாய்கள், சூரியனுக்குப் பதிலாகப் புறஊதாக் கதிர் விளக்கு, நெல்மணியினுஞ் சிறிய குட்டிகளின் வாய்க்குப் பொருந்தும் நுண்ணிய பூச்சிகள், அப்பூச்சிகளை வளர்க்கத் தனியிடம். இத்தனையிருந்தும் நோயாலும் ஊட்டக்குறைவாலும் அவை மடிந்தன. ஒரு கட்டத்தில் நூற்றுக்கும் குறைவானவையே எஞ்சின. நாள்தோறும் பூச்சி எண்ணிப் போட்ட பணியாளர்களின் பொறுமையே, புரொங்ஸிலும் ஒகையோ மாநிலத்தின் ரொலீடோவிலும், அவ்வினத்தைக் காத்தது. படியளந்த கைகள் அவை. அவர்களின் பெயரை யார் எழுதிவைத்தார்?

பள்ளத்தாக்கிலும் செயற்கைத் துமிக்குக் குழாய்கள் பூட்டினர். சிறிது காலம் தேரைகள் பெருகின. 2003 இல் திடீரென வீழ்ந்தன: தோலைத் தாக்கும் பங்கசு நோய், பழுதுபட்ட குழாய்கள், அணையிலிருந்து திறந்துவிடப்பட்ட வண்டல் எனப் பல காரணங்கள் பேசப்பட்டன. 2009 இல், இயற்கை வாழிடத்தில் அற்றுப்போன இனமென அது அறிவிக்கப்பட்டது.

2010 இல் நூறு தேரைகள் தார் எஸ் சலாம் பல்கலைக்கழகத்துக்குத் திரும்பின. அமெரிக்கப் பூங்காக்களிற் பயின்ற தன்சானியர் அவற்றைப் பேணினர். நம்மை மிகவும் மகிழ்வித்த செய்தி இதுவே: கலையும் கருவியும் மண்ணின் மக்களின் கைக்கு வந்தன. 2012 இல் 2,000 க்கு மேற்பட்டவை பள்ளத்தாக்கில் விடப்பட்டன. ஆனால் பங்கசு அங்கே இன்னும் இருந்தது. துமி சொரிந்ததும் அருவியன்று, குழாயே. அதனால், தேரைகள் வீடு திரும்பிய பின்னரும், கண்ணாடிப் பெட்டிகளை எவரும் காலிசெய்யவில்லை.