டி.டி.இ.க்கு அபராதம்!

அப்பா ரயில்வேயில் 34 வருஷம் டி.டி.இ.யாக இருந்து ரிடையரானவர். ஃப்ரீ பாஸ் கையில் இல்லாத நாளில் பக்கத்து ஊருக்குப் போக வேண்டுமானால்கூட கியூவில் நின்று டிக்கெட் வாங்குகிற ஜாதி. அப்பேர்ப்பட்ட மனிதரை, ஜெர்மனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், ரயிலில் அபராதம் கட்ட வைத்த புண்ணியவான் நான்!

ஆபீஸ் வேலையாக நான் மியூனிக்கில் இருக்கிறேன். என்னைப் பார்க்க அப்பா வந்திருந்தார். அன்றைக்கு வெயில் பளிச்சென்று அடித்தது. ஜெர்மனியில் வெயில் அடித்தால் வீட்டில் யாரும் இருக்க மாட்டார்கள். 'லிண்டாவ் போகலாம்ப்பா, ஏரிக்கரை ஊர்' என்றேன். இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே பவேரியா டிக்கெட் எடுத்தேன். மாநிலம் முழுக்க ஒரு நாள் சுற்றலாம். டிக்கெட்டில் பயணிகளின் பெயரை எழுத வேண்டும் என்றதும் அப்பா பேனாவை வாங்கி, இனிஷியலோடு முழுப் பெயரையும் எழுதினார்.

ஸ்டேஷனில் போர்டைப் பார்த்தேன். 'லிண்டாவ்' என்று போட்டு ஒரு ரயில் தயாராக நின்றது. "ஓடி வாங்கப்பா!" ஏறி உட்கார்ந்தோம். சீட் மெத்தென்று இருந்தது. அப்போதாவது சந்தேகம் வந்திருக்க வேண்டாமோ?

அரை மணி கழித்து கண்டக்டர் அம்மாள் வந்தார். டிக்கெட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"இது லோக்கல் ரயில்களுக்கு மட்டும் செல்லுபடியாகும். நீங்கள் உட்கார்ந்திருப்பது ஜூரிச் போகிற யூரோஸிட்டி எக்ஸ்பிரஸ்."

தலைக்கு 60 யூரோ. இரண்டு பேருக்கு 120. நம் பணத்தில் பத்தாயிரம் ரூபாய்க்கு மேல்!

நான் முகத்தைப் பரிதாபமாக வைத்துக்கொண்டு, "மேடம், ஊருக்குப் புதுசு, பாஷை தெரியாது..." என்று ஆரம்பித்தேன். இரண்டு வருஷமாக அங்கே இருக்கிறேன் என்பது வேறு விஷயம்.

"என்னடா சொல்றே அந்தம்மாகிட்டே?" என்றார் அப்பா.

சொன்னேன்.

"பொய் சொல்லாதே. ஊருக்குப் புதுசு, போர்டைச் சரியா பாக்கலே... 34 வருஷம் கேட்ட வசனம். கட்டு."

கட்டினேன். அப்பா அந்த ரசீதை வாங்கி, தேதி, ரயில் நம்பர் எல்லாம் சரிபார்த்து, நாலாக மடித்துப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டார். அப்புறம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டவர்தான், பேசவே இல்லை. வெளியே பச்சைப் புல்வெளி, மணி கட்டிய மாடுகள், தூரத்தில் ஆல்ப்ஸ். எதையும் ரசிக்கிற நிலையில் நான் இல்லை.

எக்ஸ்பிரஸ் நிற்பது கரையில் இருக்கிற லிண்டாவ் ராய்ட்டின் ஸ்டேஷனில். பழைய ஊர் ஒரு தீவு. அங்கிருந்து குட்டி ரயிலில் ஏறினால் (போர்டை மூன்று தடவை படித்துவிட்டுத்தான் ஏறினோம்) இரண்டு பக்கமும் தண்ணீர், நடுவில் தண்டவாளம் என்று தீவுக்குள் கொண்டுபோய் விடுகிறது. ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தால் எதிரே துறைமுகம்!

துறைமுக வாசலில் ஒரு பக்கம் 6 மீட்டர் உயரத்துக்குக் கல் சிங்கம், இன்னொரு பக்கம் 33 மீட்டர் உயரக் கலங்கரை விளக்கம். இரண்டும் 1856லிருந்து காவல் காக்கின்றன. நடுவே கப்பல்கள் வெள்ளை வெளேரென்று போய் வருகின்றன. பின்னால் நீலத் தண்ணீர், அதற்கும் பின்னால் பனி தொப்பி போட்ட மலைகள். காலண்டரில் பார்த்தால் 'சும்மா பெயின்ட் அடிச்சிருக்கான்' என்போமே, அதே நீலம்.

ஏரிக்கு போடன்ஸே என்று பெயர். 63 கிலோமீட்டர் நீளம், 536 சதுர கிலோமீட்டர் பரப்பு, ஆழமான இடத்தில் 251 மீட்டர். ஆல்ப்ஸிலிருந்து வருகிற ரைன் நதி ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேறுகிறது. 1958லிருந்து இந்தத் தண்ணீரைக் குழாயில் ஏற்றி ஸ்டுட்கார்ட் வரைக்கும் குடிக்கக் கொடுக்கிறார்கள். இன்றைக்குச் சுமார் 40 லட்சம் பேருக்கு இந்த ஏரிதான் குடம்.

எதிர்க்கரையில் ஒரு பக்கம் ஆஸ்திரியா, ஒரு பக்கம் ஸ்விட்சர்லாந்து. ஏரியின் பெரிய பகுதியில் எல்லைக் கோடு எங்கே என்று மூன்று நாடுகளும் இன்றுவரை ஒப்பந்தமே போட்டுக்கொள்ளவில்லை. இதைச் சொன்னதும் அப்பா முதல் தடவையாக வாயைத் திறந்தார்.

"ஜூரிஸ்டிக்ஷன் இல்லேன்னா, கப்பல்ல டிக்கெட் இல்லாதவன் மாட்டினா எந்த ஊர்ல கேஸ் எழுதறது?"

நியாயமான கேள்விதான்!

ஊரைச் சுற்றினோம். மாக்ஸிமிலியன் வீதியில் வெயிலில் மேஜை போட்டு ஐஸ்கிரீம் சாப்பிடுகிறார்கள். பழைய நகர மண்டபத்தின் சுவர் முழுக்கச் சித்திரம். 1951லிருந்து நோபல் பரிசு வாங்கியவர்கள் கோடையில் இந்த ஊரில் கூடி, இளம் விஞ்ஞானிகளோடு பேசுகிறார்களாம். நாங்கள் போனபோது கூடியிருந்தவர்கள் வேறு ஜாதி. கரையோரப் புல்வெளியில், மொட்டை மாடியில் வடாம் காயப் போட்ட மாதிரி வரிசையாகப் படுத்து, வெந்ததும் திரும்பிப் படுத்தார்கள்.

கலங்கரை விளக்கத்தில் 139 படி. அப்பா முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஏறினார். ஏறுவதற்கு முன்னால் ஒரு கேள்வி: "டிக்கெட் வாங்கினியா?"

சாயங்காலம் கரைப் படிக்கட்டில் உட்கார்ந்தோம். அப்பா செருப்பைக் கழற்றிவிட்டுத் தண்ணீரில் காலை வைத்தார். சில்லென்று இருந்திருக்க வேண்டும். ஆனாலும் எடுக்கவில்லை. பாக்கெட்டிலிருந்து ரசீதை எடுத்துப் பிரித்தார்.

"ஸாரிப்பா. நான்தான் கவனிக்காம..."

"அதில்லேடா. எண்பத்தாறுல ஒரு பையன். உன் வயசுகூட இருக்காது. சாதா டிக்கெட்டை வெச்சுண்டு எக்ஸ்பிரஸ்ல ஏறிட்டான். மெட்ராஸ்ல இன்டர்வ்யூ, லேட்டாயிடும்னு அவசரத்துல ஏறிட்டேன்னான். கையில காசு இல்லே. விழுப்புரத்துல இறக்கி விட்டுட்டேன்."

"ரூல்தானேப்பா?"

"ரூல்தான். எழுதினது தப்பில்லே. ஆனா பொய் சொல்றான்னு நெனச்சேன். எல்லார் முன்னாலயும் சொல்லியும் விட்டேன். இன்னிக்கு அந்தம்மா நம்மளை அப்படிச் சொல்லலே பாரு. தப்பான வண்டின்னு மட்டும்தான் சொன்னா." கொஞ்ச நேரம் தண்ணீரையே பார்த்தார். "அவன் இன்டர்வ்யூவுக்குப் போய்ச் சேர்ந்தானோ என்னவோ."

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. அப்பா என்னிடம் இவ்வளவு பேசியதே அதுதான் முதல் தடவை. மலை மேல் இருந்த பனி ஆரஞ்சு நிறத்துக்கு மாறிக்கொண்டிருந்தது. நானும் ஷூவைக் கழற்றிவிட்டுக் காலைத் தண்ணீரில் வைத்தேன்.

திரும்பும்போது வண்டியை அப்பாதான் தேடிக் கண்டுபிடித்தார். போர்டில் 'ஆர்.இ.' என்ற எழுத்தை விரல் வைத்துக் காட்டி, "இதானே நம்ம டிக்கெட்டுக்கு?" என்றார். இதுதான். மியூனிக்குக்குக் கூடுதல் நேரம் பிடிக்கும், பரவாயில்லை.

கண்டக்டர் வந்தார். நான் எடுப்பதற்குள் அப்பா டிக்கெட்டை நீட்டினார். அந்த இளைஞர் பெயர்களைப் படித்துப் பார்த்து, புன்னகையோடு நன்றி சொல்லித் திருப்பிக் கொடுத்தார்.

அவர் அடுத்த பெட்டிக்குப் போகும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அப்பா சொன்னார்:

"நல்லா பாக்கறான். ஆனா அந்தக் கோடியில பாத்ரூம்ல ஒருத்தன் ரொம்ப நேரமா இருக்கான். அதைக் கவனிக்கலே!"