பூதனை பிறப்பதில்லை!

பெண் என்றால் பேயும் இரங்கும் என்பார்கள். அந்தப் பெண்ணே கொலைக்குத் துணிந்தாள் என்று செய்தி வந்துவிட்டாலோ, இரங்க வேண்டிய பேய் ஒதுங்கிக்கொள்கிறது, அவளே பேயாக்கப்படுகிறாள். ஆண் கொன்றால் கொலைகாரன். பெண் கொன்றால் அரக்கி! அவன் செயலுக்குக் காரணம் தேடுகிறார்கள் — குடி, பகை, வரப்புத் தகராறு என்று. அவள் செயலுக்குக் காரணம் தேடுவாரில்லை. "அவள் பிறவியே அப்படி" என்று தீர்ப்புக் கூறிவிட்டுத் திண்ணையை விட்டு எழுந்துவிடுகிறார்கள்.

பிறவி! தாழ்த்தப்பட்டவனைப் பார்த்துச் சொன்ன அதே சொல். ஏழையைப் பார்த்துச் சொன்ன அதே சொல். ஆராய மறுக்கும் அறிவு ஒளிந்துகொள்ளும் இருட்டறை அது.

நாம் ஆசிரியப் பணியாற்றுவது அயோத்தியாப்பட்டணத்தில். ஊர்ப் பெயரிலேயே இராமகாதை. கோதண்டராமருக்குக் கோயிலும் உண்டு. ஆகவே தாடகையும் பூதனையும் நம் மாணவர்களுக்குப் பாடப் புத்தகத்தைத் திறப்பதற்கு முன்னரே அறிமுகமானவர்கள். வரலாற்று வகுப்பிலே ஒருவன் எழுந்து கேட்டான்: "ஐயா, கதையிலே வருகிற அரக்கிகளைப் போல் நிசத்திலும் உண்டா?" நல்ல கேள்வி. விடை தேடி ஏடுகளைப் புரட்டினோம். அரக்கிகள் அகப்படவில்லை, பெண்கள் அகப்பட்டார்கள்.

முதலில் உரோமாபுரி. 1659-ஆம் ஆண்டு, கிரோனிமா ஸ்பானா என்பவளும் அவளுடைய கூட்டாளிகள் நால்வரும் அங்கே தூக்கிலிடப்பட்டனர். குற்றம், நஞ்சு விற்றது. வாங்கியவர்களில் பலர் மனைவியர், பருகியவர்கள் கணவன்மார். அந்த நஞ்சு, புனித நிக்கலசின் திருவெண்ணெய் என்ற பெயரிலே, அவர் உருவம் பொறித்த குப்பியிலே விற்கப்பட்டதாகக் கூறுவர். புனிதர் காவல் நிற்கும் குப்பியைச் சோதித்துப் பார்க்க யாருக்குத் துணிவு வரும்? அந்நாளில் அங்கே மணவிலக்கு இல்லை. அடித்தாலும் உதைத்தாலும் ஆண்டவன் போட்ட முடிச்சு என்றது மதபீடம். அவிழ்க்க வழியில்லாத முடிச்சை நஞ்சு அறுத்தது.

அடுத்து நம் நாட்டுக் கல்கத்தா. குலீனப் பிராமணக் குடும்பத்திலே பிறந்து, அறியாப் பருவத்திலேயே முதியவருக்கு மனைவியாக்கப்பட்டு, விரைவிலே விதவையாகி, கடைசியில் சோனாகாச்சி விலைமாதர் தெருவிலே வந்து விழுந்தவள் திரைலோக்கியா. தன்னைப் போன்ற பெண்களிடமே அவள் ஆசை வார்த்தை பேசினாள்: "நகையைப் பெருக்கித் தரும் குருநாதர் இருக்கிறார், வா!" நகைகளோடு தோட்டத்துக் குளத்துக்கு அழைத்துச் சென்று, நீராடச் சொல்லி, நீரிலே அமுக்கினாள். இப்படி மாண்டவர் ஐவர். துப்புத் துலக்கியவர் பிரியநாத் முகோபாத்தியாய் என்ற காவல் அதிகாரி. 1884-இல் அவளுக்குத் தூக்கு.

மூன்றாவது, நம் காலத்துப் பெங்களூர். சீட்டு நடத்தி நட்டப்பட்டுக் குடும்பத்தை விட்டு வெளியேற நேர்ந்தவள் கெம்பம்மா. பொற்கொல்லர் பட்டறையிலே வேலை செய்தபோது, பொன்னைத் துலக்கும் சயனைடைத் தெரிந்துகொண்டாள். கோயில் கோயிலாகச் சென்றாள் — கும்பிடுவதற்கு அல்ல, கும்பிட வருவோரைக் கணக்கெடுப்பதற்கு! பிள்ளை வரம் வேண்டி வந்தவள், நோய் தீர வேண்டி வந்தவள், காணாமற்போன பேரனைத் தேடி வந்தவள் என்று கலங்கிய கண்களாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்தாள். "பூசை செய்தால் குறை தீரும், நகைகளை அணிந்து வா" என்றாள். தீர்த்தம் என்று நீட்டினாள். 1999-இல் ஒருவர், 2007-இல் ஐவர் எனப் பெண்கள் அறுவர் மடிந்தனர். நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. பின்னர் அது ஆயுள் தண்டனையாயிற்று.

தோழர்களே, இம்மூன்றையும் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். உரோமாபுரியிலே திருவெண்ணெய், கல்கத்தாவிலே குருநாதர், பெங்களூரிலே தீர்த்தம்! முந்நூற்று ஐம்பது ஆண்டுகள் ஓடின, ஆட்சிகள் மாறின, இரயில் வந்தது, மின்சாரம் வந்தது, தொலைபேசி வந்தது, கொலைக்குத் துணை நின்ற கருவி மட்டும் மாறவில்லை. கத்தி தேவைப்படவில்லை. கண்ணை மூடிக்கொண்டு நம்பும் ஒருவர் எதிரில் இருந்தால் போதுமானதாக இருந்தது.

"வறுமைப்பட்டவர்கள் எல்லாரும் கொலையா செய்கிறார்கள்?" என்று கேட்பீர்கள். இல்லை. ஆகவேதான் திரைலோக்கியாவுக்கும் கெம்பம்மாவுக்கும் நாம் வக்காலத்து வாங்கவில்லை. பேராசைக்காகப் பிறர் உயிரைப் பறித்தவர்கள் அவர்கள். சட்டம் தன் கடமையைச் செய்தது. ஆனால், சட்டம் விட்ட இடத்திலே சமுதாயத்தின் கடமை தொடங்குகிறது. குற்றவாளியைத் தூக்குமேடைக்கு அனுப்பிவிட்டு, அவளை உருவாக்கிய குழந்தை மணத்தையும், அவளுக்கு இரை தேடித் தந்த மூடநம்பிக்கையையும் நடுவீட்டிலே உட்கார வைத்து விருந்து வைப்பதுதான் நீதியா?

இனி, வெகுதூரம் போக வேண்டாம். நம் சேலத்துக்கே வருவோம். பூதனை மார்பிலே நஞ்சைத் தடவிக்கொண்டு, பச்சிளங் குழந்தைக்குப் பாலூட்ட வந்தாள் என்கிறது புராணம். கேட்டவுடன் மெய் பதறுகிறோம். நம் மாவட்டத்திலே பிறந்த பெண் சிசுக்களின் வாயிலே கள்ளிப்பாலும் எருக்கம்பாலும் விழுந்தனவே, அப்போது எத்தனை மெய் பதறிற்று? அந்தக் கொடுமை முற்றியதனால் அல்லவா, 1992-இல் தமிழக அரசு தொட்டில் குழந்தைத் திட்டத்தைச் சேலத்திலே தொடங்க நேர்ந்தது? 2001-இல் நாமக்கல், தருமபுரி, மதுரை போன்ற மாவட்டங்களுக்கும் அத்தொட்டில் போக நேர்ந்தது? பாலாடையைப் பிடித்த கை பெரும்பாலும் பெண்ணின் கை — பாட்டியின் கை, மருத்துவச்சியின் கை, சில வேளை பெற்றவளின் கை. அந்தப் பெண்களுக்கு அரக்கிப் பட்டம் கிடைக்கவில்லை.  காரணம் என்ன? கெம்பம்மா தனக்காகக் கொன்றாள். இவர்கள் குடும்பத்துக்காகக் கொன்றார்கள். தனக்காகக் கொன்றவள் அரக்கி. குடும்பத்துக்காகக் கொன்றவள் குலவிளக்கு! நிலம் சிதறாமல் காக்க, நகைக்கும் சீருக்கும் கடன்படாமல் தப்ப, கொள்ளி வைக்கும் மகனுக்காகக் காத்திருக்க அவள் கை இயங்கிற்று. கையை இயக்கியவர்கள் வாசலிலே உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

1994-இல், கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று கூறுவதைத் தடுத்துச் சட்டம் வந்தது. கள்ளிச்செடி செய்த வேலையைக் கருவி செய்யத் தொடங்கியதனால் வந்த சட்டம் அது. வரதட்சணைத் தடைச் சட்டமோ 1961-ஆம் ஆண்டினது. சட்டப் புத்தகத்திலே தடை. சம்பந்தம் பேசும் கூடத்திலே தராசு!

அந்தத் தராசின் ஒரு தட்டிலே உட்கார்ந்திருப்பவர், இளைஞர்களே, நீங்கள்தான். எத்தனை சவரன் என்று உங்கள் தந்தையார் கேட்கும்போது நீங்கள் காக்கும் மௌனத்தின் விலை, எங்கோ ஒரு வீட்டிலே பிறக்கவிருக்கும் பெண் குழந்தையின் மூச்சு. "பவுன் வேண்டாம், பெண் போதும்" என்று அந்தக் கூடத்திலே எழுந்து நின்று கூறுங்கள். மேடையிலே முழங்குவதைவிட அது கடினம். அதனாலேயே அது தேவை.