நூறு வருஷம் காத்திருக்கும் பீப்பாய்

“அம்மா, சனிக்கிழமை ஒயினரி பார்க்கப் போறோம்!” என்று மகள் சொன்னதும் எனக்குத் திக்கென்றது.

அடிலெய்டுக்கு வந்த முதல் நாளே அவள் வீட்டுச் சமையலறை அலமாரியில் இரண்டு ஒயின் பாட்டில்களைப் பார்த்திருந்தேன். யாரிடமும் கேட்கவில்லை. குடிப்பழக்கத்தால் 48 வயதிலேயே போய்ச் சேர்ந்தவர் என் அப்பா. மாப்பிள்ளை தங்கமானவர்தான். ஆனாலும், சூடு கண்ட பூனை ஆயிற்றே நான்!

அடிலெய்டிலிருந்து வடகிழக்கே காரில் ஒரு மணி நேரம் போனால் பரோசா பள்ளத்தாக்கு. ‘ஷிராஸ்’ என்ற சிவப்பு ஒயினுக்குப் பேர் போன இடம். நாங்கள் போனது மார்ச் மாதம் என்பதால் திராட்சை அறுவடை மும்முரமாக நடந்துகொண்டிருந்தது.

ஆசையாகத் தோட்டத்துக்குள் இறங்கப் போனவளை மாப்பிள்ளை தடுத்தார். “வேண்டாம் அத்தை, செருப்பு மண்ணுலகூடப் பூச்சி வந்துடும்” என்றார். ‘ஃபிலாக்ஸெரா’ என்ற அந்தச் சின்னஞ்சிறு பூச்சி வேரைத் தாக்கும். 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவின் திராட்சைத் தோட்டங்களை அழித்தது அதுதான். தெற்கு ஆஸ்திரேலியாவுக்குள் அதை நுழையவிடாமல் காத்து வருகிறார்கள். அதனால் 1840-களில் நட்ட கொடிகள்கூட இங்கே இன்னும் காய்க்கின்றன. கொடியா அது? முறுக்கேறிய மரம்! 125 வயது தாண்டிய கொடிகளுக்கு ‘மூதாதை’ என்று பட்டமே கொடுத்திருக்கிறார்கள்.

முதலில் ஒரு சிறிய ஒயினரி. கறுப்புத் திராட்சையைப் பிழிந்தாலும் சாறு வெளிறித்தான் இருக்குமாம். தோலோடு சேர்த்துப் புளிக்க வைப்பதால்தான் சிவப்பு நிறமும், நாக்கைப் பிடிக்கும் துவர்ப்பும் வருகின்றன என்று அங்கிருந்த பெண்மணி விளக்கினார்.

சுவைப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. கோப்பையின் அடியில் கொஞ்சமாக ஊற்றுவார்கள். சாய்த்து நிறம் பார்க்க வேண்டும். சுழற்றி முகர வேண்டும். ஒரு வாய் எடுத்து நாக்கில் உருட்ட வேண்டும். பிறகு? துப்பிவிடலாம்! அதற்கென்றே மேசையில் ஒரு பாத்திரம், நம் தாத்தாக்களின் வெற்றிலைப் படிக்கம் மாதிரி. நான் முகர்ந்ததோடு சரி. மிளகும் நாவல்பழமும் கலந்தது போல ஒரு வாசனை.

மாப்பிள்ளையோ கோப்பையைத் தொடவே இல்லை. இங்கே ரத்தத்தில் ஆல்கஹால் 0.05 சதவீதத்தைத் தொட்டாலே வண்டி ஓட்டக் கூடாது.

அடுத்து செப்பெல்ட்ஸ்ஃபீல்டு. ஜோசப் செப்பெல்ட் என்பவர் 1851இல் தொடங்கிய தோட்டம். புகையிலை பயிரிட வந்தவர், அது சரிப்படாமல் திராட்சைக்கு மாறினாராம். வழியெல்லாம் வரிசையாகப் பேரீச்சை மரங்கள். 1930-களின் பொருளாதார மந்தத்தில், ஆட்களை வீட்டுக்கு அனுப்ப மனமில்லாமல் மரம் நடும் வேலை கொடுத்திருக்கிறார்கள்!

அங்கேதான் அந்த அதிசய அறை. ஜோசப்பின் மகன் பென்னோ 1878இல் ஒரு பீப்பாயில் இனிப்பான ‘போர்ட்’ வகை ஒயினை நிரப்பி, “நூறு வருஷம் யாரும் தொடக் கூடாது” என்று வைத்தாராம். அன்று முதல் வருடம் தவறாமல் வைக்கிறார்கள். நமக்குப் பிறந்த வருடத்து ஒயினைச் சுவைக்கலாம். மகள் எனக்காகப் பதிவு செய்திருந்தாள்: 1960. கருப்பட்டிப் பாகு போலக் கெட்டியாக, கறுப்பாக இருந்தது. நாக்கு நுனியில் ஒரே ஒரு சொட்டு வைத்துப் பார்த்தேன். உலர்திராட்சையும் காபியும் கலந்த இனிப்பு.

ஆனால், என் கண் 1932 என்று எழுதிய பீப்பாயில் நின்றுவிட்டது. அப்பா பிறந்த வருடம். எதையும் மடக்கென்று ஊற்றிக்கொண்டு, என் கல்யாணத்தைக்கூடப் பார்க்காமல் அவசரமாகப் போனவர். அவர் வயதுப் பீப்பாய் இங்கே அமைதியாக 2032க்குக் காத்திருக்கிறது. மிச்ச ஒயினை வைத்துவிட்டு வெளியே வந்தேன்.

திரும்பும்போது மகள் பின்சீட்டில் தூங்கிவிட்டாள். மெல்லக் கேட்டேன்: “மாப்பிள்ளை, அலமாரியில அந்த ரெண்டு பாட்டில்...”

“ஆபீஸ்ல கொடுத்தது அத்தை. போன கிறிஸ்துமஸ்ல இருந்து திறக்கவே இல்லை. எடுத்துட்டுப் போய் யாருக்காவது கொடுத்துடவா?”

மூன்று வாரமாக மனசுக்குள் புளித்துக்கொண்டிருந்த கேள்வி. வந்த அன்றே கேட்டிருக்கலாம்!