எப்போது சொல்வது?

உடலில் ஒரு குறையோடு வாழ்கிறவன் வேலை தேடிப் புறப்படும்போது, தன் கல்வியையும் திறமையையும் எண்ணுவதற்கு முன்பே ஒரு கேள்விக்கு விடை காண வேண்டியிருக்கிறது. இதை அவர்களிடம் சொல்வதா, வேண்டாமா? சொல்வதாயின் எப்போது? கண்ணுக்குப் புலப்படும் குறையாயின் அதுவே முந்திக்கொண்டு பேசிவிடும். என்னுடையதைப் போன்ற செவிக்குறையாயின், பேசும் பொறுப்பு நம்முடையதாகிறது.

ஆரணியை அடுத்த சேவூரில் பட்டுத்தறிகளின் ஓசைக்கு நடுவே வளர்ந்தவன் நான். தறி ஓடும் வீட்டில் நன்றாகக் காது கேட்பவர்களும் பல நேரங்களில் சைகையால்தான் பேசிக்கொள்வார்கள். சாப்பிட அழைக்க அம்மா தோளைத் தொடுவார்கள். ஆதலால் என் குறையை அங்கே எவருக்கும் அறிவிக்க வேண்டிய தேவை எழவில்லை. பாவில் அறுந்த இழையைக் கண்டு பிணைக்கத் தெரியுமா என்பது ஒன்றே அங்கே கேள்வி.

வணிகவியல் பட்டம் பெற்றுக் கணக்கர் வேலைக்கு விண்ணப்பித்தபோது நிலைமை மாறியது. முதல் நிறுவனத்திற்கு அனுப்பிய விண்ணப்பத்தில் செவிக்குறையைத் தெளிவாக எழுதியிருந்தேன். நேர்காணலில் கணக்கைப் பற்றி ஒரு வினாவும் இல்லை. காதைப் பற்றியே கேட்டு ஐந்து நிமிடத்தில் அனுப்பிவிட்டார்கள். அடுத்த நிறுவனத்திற்கு எழுதியபோது அதைக் குறிப்பிடவில்லை. அறைக்குள் நுழைந்ததும், "ஐயா, எனக்குக் காது சற்று மந்தம், முகம் பார்த்துப் பேசினால் புரிந்துகொள்வேன்" என்றேன். அந்த அதிகாரி நாற்காலியை என் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு, பேரேடு ஒன்றை நீட்டிப் பிழை இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார். வேலை கிடைத்தது. இரண்டு இடங்களிலும் நான் சொன்னது ஒரே உண்மைதான். முதல் இடத்தில் அது எனக்கு முன்னே போய் அமர்ந்துகொண்டது. இரண்டாம் இடத்தில் என்னோடு வந்தது.

விண்ணப்பத்தில் எழுதாமல் விடுவது பொய்யாகாதா என்று மனச்சான்று வினவலாம். உடற்குறை பாவமன்று, ஆகவே அது அறிக்கையிட வேண்டிய பொருளும் அன்று. கேளாததைச் சொல்லாதிருப்பது வேறு. கேட்டபோது இல்லையென மறுப்பது வேறு. முன்னது உரிமை, பின்னது பொய்.

சொன்னால் கதவு மூடுமோ என்ற அச்சத்தைக் கோழைத்தனம் என்று தள்ளிவிட முடியாது. தமிழ்நாட்டில் உரிமையியல் நீதிபதி பதவிக்கு விண்ணப்பித்த சுரேந்திர மோகன் என்பவருக்குப் பார்வைக்குறை 70 விழுக்காடு. 50 விழுக்காட்டிற்கு மேற்பட்டோருக்கு இடமில்லை என்ற வரம்பை உச்ச நீதிமன்றமே 2019-இல் சரியென ஏற்றது. ஆயினும் காலம் அங்கேயே நின்றுவிடவில்லை. 2021-இல் விகாஷ் குமார் வழக்கில் அதே நீதிமன்றம் அந்தத் தீர்ப்பின் அடிப்படையை ஏற்கவில்லை. 2025 மார்ச்சில், பார்வையற்றோர் என்பதற்காக எவருக்கும் நீதித்துறைப் பணியை மறுக்கலாகாது என்று தீர்ப்பளித்தது.

2017-இல் நடைமுறைக்கு வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைகளை ஏற்கிறது. அரசுப் பணியில் 4 விழுக்காடு இடஒதுக்கீட்டை நாடுவோர் சான்றிதழ் காட்டியே ஆகவேண்டும். அங்கே மறைப்பதற்கு இடமில்லை. தனியாரிடமோ, ஒவ்வொரு நிறுவனமும் சமவாய்ப்புக் கொள்கை ஒன்றை வகுத்து வெளியிட வேண்டும் என்பது விதி. விண்ணப்பிக்குமுன் அதைக் கேட்டுப் பார்ப்பது நல்லது. சொல்லத்தக்க இடமா என்பது அதிலேயே ஓரளவு தெரிந்துவிடும்.

விடுதலைப் பயண நூலில் மோசேயின் அழைப்பை நினைத்துப் பாருங்கள். பணியைப் பற்றிக் கேட்ட பிறகே அவர் தம் திக்குவாயை எடுத்துரைக்கிறார். இறைவன் அதைக் கேட்டுப் பணியைத் திரும்பப் பெறவில்லை. அவருக்காகப் பேச ஆரோனைத் துணையாக்குகிறார். நெசவாளருக்கு இது புதிதன்று. கோர்வை நெசவில் கரைக்கென ஓடும் நாடாவை வாங்கித்தர ஒருவர் பக்கத்தில் அமர்கிறார். துணை இருப்பதால் நெய்பவரைத் திறமையற்றவர் என்று எவரும் சொல்வதில்லை. சேலை அப்படித்தான் உருவாகிறது.

ஆகவே வேலை தேடும் இளையோருக்கு நான் சொல்வது இதுதான். நேர்காணலுக்கே உதவி வேண்டுமாயின், அழைப்பு வந்தவுடன் சொல்லுங்கள். பிறர் பாதுகாப்பைத் தொடும் குறையாயின், பணியை ஏற்குமுன் சொல்லுங்கள். அன்றாட வேலையில் மட்டும் சிறு ஏற்பாடு தேவையெனில், பணி ஆணை கைக்கு வந்தபின் சொன்னால் போதும். எப்போது சொன்னாலும் நோயின் வரலாற்றைச் சொல்லாதீர்கள். செய்யக்கூடிய வேலையையும் அதற்கு வேண்டிய உதவியையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

நம்மிடையே கடையோ ஆலையோ பள்ளியோ நடத்துவோர் பலர் இருக்கிறார்கள். அவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் முன் ஒருவர் தயங்கித் தயங்கித் தம் குறையைச் சொல்லும்போது, அடுத்த கேள்வி வேலையைப் பற்றியதாக இருக்கட்டும்.